தேயிலை மலையின் அடுப்புக் கணக்கு

மலாயாவில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி கொடுத்தால் போதும் என்று முடிவு செய்ய, நூறு ஆண்டுகளுக்கு முன் அதிகாரிகள் எட்டிப் பார்த்தது அவர் வீட்டு அடுப்பங்கரையை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ‘நிலையான கூலி’ ஒன்றை வகுக்க வழி செய்தது. அந்தப் பொறுப்பு இந்தியக் குடியேற்றக் குழுவிடம் இருந்தது. குழு வட்டாரம் வட்டாரமாக விசாரணை நடத்தியது. ஒருவருக்கு மாதம் எவ்வளவு அரிசி வேண்டும், பருப்பு, புளி, மிளகாய், உப்பு, எண்ணெய், கருவாடு எவ்வளவு, துணிமணிக்கு என்ன ஆகும் என்று பட்டியல் போட்டு, கடை விலையால் பெருக்கிக் கூட்டி, அதை வைத்து நாள் கூலியை நிர்ணயித்தார்கள். 1920-களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சாமான் வந்து சேரும் செலவு கூடுதல் என்பதால் பகாங்கின் உட்பகுதிகளில் 58 காசும் 46 காசும்.

கேமரன் மலையில் தேயிலை வேர்பிடித்தது இந்தக் கணக்கு நடப்பில் இருந்த காலத்தில்தான். ஜே.ஏ. ரஸல் 1929-ல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தோட்டம் வந்தது. இடையில் உலகப் பொருளாதார மந்தம். 1930-ல் நிலையான கூலியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். 50 காசு 40 ஆயிற்று, 40 காசு 32 ஆயிற்று. 1936 கடைசியில் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய 50, 40 காசுக்கே திரும்ப வேண்டும் என்று அடுத்த ஆண்டு வெளியான அறிக்கையில் பரிந்துரைத்தார்.

இந்தக் கணக்கில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு போதும் என்று எழுதினார்களே, அந்த அரிசியைக் களைந்து உலையில் போட்டு, ஈர விறகை ஊதி ஊதி எரியவைத்து, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் கட்டுச்சோறு கட்டியது அந்தப் பெண்தான். அந்த வேலைக்கு அந்தத் தாளில் ஒரு காசும் எழுதப்படவில்லை. குறைந்த சாமானில் ஒரு குடும்பத்தைப் பசியாற்றும் திறமை அவளுடையது. அந்தத் திறமையின் லாபம் கூலியைக் குறைவாக வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று.

சிக்கனமாக வீட்டில் சமைப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இந்தப் பழைய கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. விலைவாசி ஏறும் போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. “கடையில் வாங்கித் தின்றே காசைக் கரைக்கிறார்கள், வீட்டில் பொங்கித் தின்றால் மிச்சமாகாதா?” என்பது ஒன்று. “ஏழைக்குச் சமையல் பாடம் எடுக்காதீர்கள், சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்” என்பது மற்றொன்று. முதல் குரலில் இரக்கம் இல்லை. இரண்டாவது குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது இன்று இரவுச் சாப்பாட்டுக்கு வழி சொல்வதில்லை. சமைக்கத் தெரிவது உழைப்பவரின் சொத்து. பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காமல் விடுவது அவர்களுடைய சொத்தைப் பறிப்பதற்குச் சமம். அந்தச் சொத்தில் வரும் மிச்சம் முழுவதும் அந்த வீட்டுக்கே சேர வேண்டும். அதைக் காட்டிச் சம்பளத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். 2023 ஜனவரியில், அப்போதைய உள்நாட்டு வாணிப அமைச்சர் சலாஹுடின் அயூப் ‘ரஹ்மா மெனு’வைத் தொடங்கிவைத்தார்: ஐந்து ரிங்கிட்டுக்குள் ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல திட்டம், பலருக்கு உதவியது. ஆனால் அந்த விலையிலேயே மூன்று வேளையும் வெளியில் சாப்பிடும் ஒற்றை ஆளுக்கு நாளைக்கு 15 ரிங்கிட், மாதத்துக்கு 450 ரிங்கிட். சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே வயிற்றுக்குப் போய்விடும். குடும்பமாக இருந்தால் நினைத்தே பார்க்க முடியாது.

வீட்டு அடுப்பில் அந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்பது கட்டுப்பாட்டு விலை. நாலு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 800 கிராம் என்று வைத்தால் மாதம் 24 கிலோ, 62 ரிங்கிட் 40 சென். மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2 ரிங்கிட் 50 சென். நாலு பாக்கெட் பத்து ரிங்கிட். 14 கிலோ கேஸ் தோம்பு 26 ரிங்கிட் 60 சென். ஆக, நாலு பேருக்கு ஒரு மாதத்துக்கான சோறு, எண்ணெய், நெருப்பு மூன்றும் சேர்ந்து நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும். காகிதத்தில் அழகான கணக்கு. நடப்பில், 2023 செப்டம்பரில் அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200-க்கு ஏற்றியதும் எல்லோரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள். பல கடைகளில் அந்த மூட்டையே கண்ணில் படவில்லை. பாக்கெட் எண்ணெய்க்கும் அவ்வப்போது இதே கதை. கட்டுப்பாட்டு விலை பட்டியலில் இருப்பதும் கடைப் பலகையில் சாமான் இருப்பதும் வேறு வேறு என்பதைச் சந்தைக்குப் போகும் எந்தப் பெண்ணும் சொல்வாள்.

மாதத்தைக் கவிழ்ப்பது அரிசி அல்ல, அரிசிக்கு மேலே ஊற்றுவது. பருப்பு, வெங்காயம், காய்ந்த மிளகாய் எல்லாம் பெரும்பாலும் கடல் தாண்டி வருபவை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டு 2024 மே மாதம்தான் எடுத்தது. அந்த மாதங்களில் நம் தாளிப்புச் சட்டியில் அது தெரிந்தது. முட்டைக்கு அரசு கொடுத்துவந்த மானியமும் 2025 ஆகஸ்ட் முதல் நின்றது. ஆகவே இன்று சிக்கனச் சமையல் தெரிந்தவர் என்றால், ஒரு சாமான் விலை ஏறும்போது அதை விட்டு இன்னொன்றுக்கு மாறத் தெரிந்தவர். வெங்காயம் ஏறினால் பூண்டும் சீரகமும் மிளகும் தட்டிப்போட்ட ரசத்துக்கு மாறுவது, மீன் ஏறினால் நெத்திலிக்கு மாறுவது, தேங்காய் ஏறினால் பால் ஊற்றாத புளிக்குழம்புக்கு மாறுவது. ஒரே குழம்பை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது வராது. எந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் வரும்.

கேமரன் மலையில் இதற்கு இன்னொரு பாடமும் சேர்கிறது, உயரம். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங்வரை ஊர்கள் கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கு மேல்வரை இருக்கின்றன. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். பிரிஞ்சாங்கில் பானை தளதளவென்று கொதித்தாலும் அந்தத் தண்ணீரின் சூடு சுமார் 95 டிகிரிதான். எவ்வளவு கேஸைக் கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் ஏறாது. கீழே தாப்பாவில் வேகும் நேரத்தில் மேலே கொண்டைக்கடலை வேகாது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நம் வீடுகளில் தலைமுறை தாண்டி வந்த அருமையான புத்தகம். ஆனால் அதில் உள்ள வேகும் பக்குவம் சமவெளி அடுப்புக்கு உரியது. கல்யாணமாகி மலைக்கு வரும் பெண், “எனக்குப் பருப்பே வேகவைக்கத் தெரியவில்லை” என்று கலங்கினால், அவள் கையில் குறையில்லை, காற்றழுத்தம் குறைவு. இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி மனக்கஷ்டம் தீரும்.

இந்த மலையில் சமையல் கற்கத் தொடங்குபவர் பருப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். சோறு வடிப்பது எளிது. ரைஸ் குக்கரே பார்த்துக்கொள்ளும். பருப்பு அப்படியில்லை. அதில் நேரம், நெருப்பு, உப்பு, புளிப்பு நான்கையும் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் மைசூர்ப் பருப்பு. தோல் நீக்கி உடைத்த சின்னப் பருப்பு என்பதால் உயரத்திலும் சீக்கிரம் குழையும். கை பழகிய பிறகு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு. இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் நன்றாகக் குறையும். புளியும் தக்காளியும் பருப்பு முழுவதும் வெந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பின் வெளிப்பக்கம் இறுகிவிடும், பிறகு ஒரு மணி நேரம் எரித்தாலும் உள்ளே கடுக்கென்றே இருக்கும். பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் சூடு 110 டிகிரியைத் தாண்டும். குக்கர் வாங்க முதலில் காசு போட வேண்டியிருக்கும்தான். ஒரு தோம்பு கேஸ் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதில் மலைவாசிக்கு அந்தக் காசு திரும்பி வந்துவிடும். குக்கர் இல்லாதவருக்கும் வழி உண்டு. பருப்பைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி இறுக்கி, பழைய கம்பளியால் பானையைச் சுற்றிக் கூடையில் வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டிலேயே மைசூர்ப் பருப்பு பெரும்பகுதி வெந்துவிடும். பிறகு சிறிது நேரம் எரித்தால் போதும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டில் பிரிட்டன் வீடுகள் வைக்கோல் பெட்டியில் செய்ததும் இதுதான்.

வெந்த பருப்பு கையில் இருந்தால் ஒரு வாரச் சமையல் கையில் இருக்கிறது. கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் பருப்புக் கறி. மேலாக நிற்கும் தண்ணீரை இறுத்துப் புளி கரைத்தால் ரசம். முட்டைக்கோஸ் அரிந்து போட்டால் கூட்டு. காய் சேர்த்துப் புளி ஊற்றினால் சாம்பார். மீந்ததை மறுநாள் காலை கோதுமை மாவில் பிசைந்து ரொட்டி தட்டலாம். இவற்றைத் தனித்தனிப் பலகாரங்களாகப் பத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் புதிதாகக் கற்பவர் மிரண்டுபோவார். ஒரே பானையின் ஐந்து கிளைகள் என்று கூட நின்று காட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துக்கொள்வார்.

தோசை மாவு இன்னொரு மலைப் பாடம். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் ஊரில் மாவு பொங்காது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 32 டிகிரி வரை சூடு வேண்டும். குளிரில் அவை மந்தமாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைப்பது, வெந்தயம் சேர்த்து ஊறவைப்பது, முன்பு புளித்த மாவில் ஒரு கரண்டி கலப்பது, வெந்நீர் உள்ள பெரிய அண்டாவுக்குள் மாவுச் சட்டியை இறக்கி மூடிவைப்பது, இவையெல்லாம் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பாட்டிமார் அனுபவத்தில் அறிந்தவை. அந்தப் பாட்டிமார் ஒவ்வொருவராக மறையும்போது இந்த அறிவும் மறைகிறது. எழுதி வைத்தால் என்ன? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் செய்முறை எது? கொதிநிலை, அழுத்தம், நொதித்தல் மூன்றும் அவர்கள் வீட்டு அடுப்பிலேயே இருக்கின்றன.

அடுத்து காய்கறி. தீபகற்பத்தின் ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் முட்டைக்கோஸும் தக்காளியும் கீரையும் லாரி லாரியாக இறங்கிப்போகும் மலை இது. அந்த லாரிகளைத் தினமும் பார்க்கும் வீட்டின் தட்டில் காய் குறைவாக இருந்தால் அது வேதனை. முதல் தரக் காய்க்கு இங்கேயும் நகரத்து விலைதான் சொல்வார்கள். சந்தைகளில் சுற்றுலாக்காரரைப் பார்த்துத்தான் விலை. தொழிலாளி வீட்டுக்கு ஏற்றது தரம் பிரித்த பிறகு ஒதுங்குவது: வளைந்த கேரட், வெடித்த தக்காளி, சிறுத்த கோஸ். சுவையிலோ சத்திலோ அவற்றுக்குக் குறை ஒன்றுமில்லை. காலிஃபிளவரின் தண்டையும் இலையையும் பொடியாக அரிந்து பிரட்டலாம். முள்ளங்கி வாங்கினால் அதன் கீரை இலவசம். பருப்போடு கடைந்தால் ஒரு வேளைக்குப் போதும். வேலியில் படரும் சௌசௌவின் இளங்கொழுந்தைச் சீன வீடுகளில் பூண்டு தட்டிப்போட்டு வதக்குவார்கள். நம் வீடுகளில் காயை மட்டும் எடுத்துக்கொண்டு கொழுந்தை விட்டுவிடுகிறோம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கோஸின் வெளி இலைகளில்தான் பூச்சிமருந்து அதிகம் தங்கும். இரண்டு இலைகளை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சொந்தப் பாத்தி இருந்தால் இந்தக் கவலையும் இல்லை. பழைய தொழிலாளர் சட்டத்தில், குடும்பம் உள்ள ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும் ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களும் ஒழுங்காகக் கொடுத்தன என்று சொல்ல மாட்டேன். கொடுத்த இடங்களில் அந்தப் பாத்தியில் முருங்கையும் கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் வளர்ந்தன. கேமரன் மலையின் குளிருக்கு முருங்கை சரியாக வராது. கீரை, வெங்காயத்தாள், பீன்ஸ், சௌசௌ செழிப்பாக வரும். புதிய வீடமைப்புத் திட்டங்கள் வரும்போது சதுர அடிக் கணக்கில் அறைகளைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டுக்குப் பின்னால் பத்தடி மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

நம் அடுப்பு அண்டை வீடுகளிடமிருந்தும் நிறையப் பெற்றிருக்கிறது. மலாய்க்காரர்களிடமிருந்து நெத்திலிச் சம்பல் வந்தது. தலையோடும் முள்ளோடும் முழுதாகத் தின்னும் அந்தச் சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், ஒரு பிடி போதும், ஒரு சட்டிக்கு வாசனை வந்துவிடும். சீனர்களிடமிருந்து தௌகே என்னும் முளைப்பயறும் தௌஹு என்னும் சோயாக் கட்டியும். ஜாவாக்காரர்களிடமிருந்து தெம்பே; சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் இது, கறி வாங்க முடியாத வாரத்தில் குழம்பில் கறித்துண்டு மாதிரியே நிற்கும். தாப்பா சாலையோரத்தில் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் விற்கும் பெத்தாய் காயும் காட்டுக் கீரையும் இருக்கின்றன. டின் சார்டினைப் புளியும் வெங்காயமும் சேர்த்துச் சுண்டவைக்கும் குழம்பு தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்குப் புதுமையாக இருக்கும். மலேசியத் தமிழருக்கோ அது சம்பளத்துக்கு முந்தைய வாரத்துச் சாப்பாடு. ஒரு டின்னில் நாலு பேர் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். இவ்வளவும் சேர்ந்ததுதான் நம் சமையல். “நம்ம சாப்பாடு” என்று சாம்பாரையும் இட்லியையும் மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதியை மறைத்தவர்களாவோம்.

பழைய சாப்பாடு எல்லாமே நல்லது என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. தோட்டத்துத் தட்டில் சோறு மலையாக இருந்தது, காய் ஓரமாக இருந்தது, கருவாட்டின் உப்பும் தேத்தண்ணியின் சீனியும் மிகுந்திருந்தன. நாள் முழுவதும் கூடை சுமந்து மலைச்சரிவில் ஏறி இறங்கிய உடம்பு அதை எரித்தது. உட்கார்ந்து வேலை பார்க்கும் பேரப்பிள்ளையின் உடம்பு எரிக்காது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவரை நெருங்கும் கணக்கு. மலிவு என்று சோற்றையும் ரொட்டியையும் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கடையில் மிச்சமாவது மருந்துக்குப் போகும். தட்டில் பருப்பும் முட்டையும் காயும் சோற்றுக்குச் சமமாக ஏற வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே முகம் திருப்பிய பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் அந்தக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். வீட்டு ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. அவர்களிடம் போய் எளிய உணவின் பெருமையைப் பேச முடியாது. வேறு வழியில்லாமல் தின்பதும், தெரிந்து தேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதும் நாவுக்கு ஒன்றாக இருக்கலாம், மனத்துக்கு ஒன்றல்ல. பணம் இறுகிய வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு நாள் பிடித்த கோழிக்குழம்பு வைக்கும் உரிமை இருக்கிறது. அந்தக் கோழிக்கு இடம் வைக்காத சிக்கனப் பட்டியல் எதுவும் அந்த வீட்டில் ஒரு மாதம் தாங்காது.

அமெரிக்காவில் லியான் பிரவுன் என்பவர் 2014-ல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அரசின் உணவு உதவியில் வாழ்ந்தவருக்கு அங்கே அப்போது நாளைக்குக் கிடைத்தது சுமார் 4 டாலர். அதற்குள் நன்றாகச் சாப்பிடுவது எப்படி என்பதே பொருள். அதைக் கணினியில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஏழைக்குக் கஞ்சி போதும் என்று நினைக்காமல் ருசியை முன்னால் வைத்தது அதன் சிறப்பு. தமிழில், மலேசிய விலையில், மலை அடுப்புக்கு ஏற்ற மாதிரி அப்படி ஒரு சிறு நூல் நமக்கு வேண்டும். எழுதுவதற்கு ஆட்கள் லயங்களிலேயே இருக்கிறார்கள்.

யாருக்குக் கற்றுக்கொடுப்பது? பெண் பிள்ளைகளுக்கு என்று உடனே பதில் வரும். அதுதான் பெரிய தவறு. கோயில் திருவிழாவில் அண்டா வைத்து நூற்றுக்கணக்கானோருக்குச் சாம்பார் கிளறுபவர்கள் யார்? நம் ஆண்கள். உப்புக் கணக்கு, அரிசிக் கணக்கு, கூட்டத்துக்கு ஏற்றபடி பருப்பை நீட்டும் சாமர்த்தியம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். மறுநாள் வீட்டுக்கு வந்தால் தட்டைக் கழுவுவதும் பெண் வேலையாகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து இன்று தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் வங்காளதேச, நேப்பாள இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, முறை வைத்துப் பொங்கிச் சாப்பிடுகிறார்கள். ஊரில் அடுப்புப் பக்கம் போகாதவர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு ஊருக்குப் பணமும் அனுப்புகிறார்கள். நம் பையன்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

கேட்பதற்கு அவசரக் காரணமும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் இறங்குகிறார்கள். அங்கே வாடகை அறை விளம்பரத்தில் சமைக்கக் கூடாது என்பது முதல் வரி. சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட ‘பெலாஞ்சாவான்கூ’ செலவு வழிகாட்டியின்படி, கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் போக்குவரத்தில் போய்வரும் தனி ஆளுக்கே அப்போது மாதம் 1,870 ரிங்கிட் தேவைப்பட்டது. இன்றைய குறைந்தபட்ச ஊதியம் அன்றைய அந்தத் தேவையைக்கூடத் தொடவில்லை. ரைஸ் குக்கர் ஒன்றை அனுமதிக்கும் அறை கிடைத்த பையனுக்கு, அரிசியோடு மைசூர்ப் பருப்பும் மஞ்சளும் பூண்டும் நறுக்கிய கோஸும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு முட்டையைக் கழுவி வைத்து ஆவியில் அவிக்கத் தெரிந்திருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. தெரியாதவன் உடனடி மீயிலும் கடைச் சோற்றிலும் சம்பளத்தைப் பாதி மாதத்தில் முடித்துவிட்டு, கடைக்காரரின் 555 கடன் புத்தகத்தில் பேர் எழுதுவான்.

காசு குறைவாகச் செலவாகும் சமையலில் நேரம் அதிகமாகச் செலவாகும். பருப்பை ஊறவைக்க, கீரையை ஆய, நெத்திலியைச் சுத்தம் செய்ய யாரோ ஒருவர் தன் ஓய்வைக் கொடுக்கிறார். கொழுந்து பறித்துவிட்டு மாலை வீடு திரும்பும் பெண்ணிடம் இன்னும் இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்கித்தான் பல வீடுகளில் இந்த மிச்சம் வருகிறது. வீட்டில் நாலு பேருக்கும் கைப்பழக்கம் இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் நாலாகப் பிரியும். பள்ளி விடுமுறையில் கோயில் மடப்பள்ளியிலேயே இதைத் தொடங்கலாம். அடுப்பும் அண்டாவும் அங்கே இருக்கின்றன, கற்றுத்தர அண்ணன்மாரும் பெரியம்மாமாரும் இருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து வரட்டும். கற்றுத்தரும் பெரியம்மாவுக்கு ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும். அவர் அறிவை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் 1923-லிருந்தே போதுமான அளவு நடந்துவிட்டது.

கூலிக் கணக்கு இன்றும் முடிந்துவிடவில்லை. 2011-ஆம் ஆண்டின் தேசிய ஊதிய ஆலோசனை மன்றச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதிய ஆணையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்த மன்றத்தில் அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூன்று தரப்பும் உட்காருகின்றன. நிலையான கூலியை வகுத்த நாளில் அடுப்படியில் நின்றவளுக்கு அந்த மேசையில் இடம் இருக்கவில்லை. இந்த முறை தோட்டத்துக் குடும்பங்கள் மூன்று மாத மளிகை ரசீதுகளைச் சேர்த்து வைக்கலாம். எந்தச் சாமான் கட்டுப்பாட்டு விலையில் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, சமைக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒரு பள்ளிக் கொப்பியில் குறித்து வைக்கலாம். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கம்போங் ராஜாவிலும் இருபது வீடுகள் செய்தால் போதும். அந்தக் கொப்பிகளைத் தொழிற்சங்கப் பேராளர் கையில் கொடுத்து, அடுத்த மறுபரிசீலனையின்போது மன்றத்தின் முன் வைக்கச் சொல்ல வேண்டும்.